நானூற்றுப் பன்னிரண்டு மணி நேரம் ஆடியவரின் கருத்து

முதல் கிரகத்தில் நானும் என் மனைவியும் இறங்கியது ஒரு சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு. அவளுக்கு அப்போது ஒன்று நாற்பது. நான் விழுப்புரத்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் மஸ்கட்டில், செவிலியர் விடுதி அறையில், கட்டில்மேல் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். கிரகத்தின் மண் ஊதா. வானம் பால் ஊற்றாத டீயின் நிறம். மரம் இல்லை, காளான் உண்டு, ஆள் உயரம். இதெல்லாம் அன்றைய நாட்குறிப்பில் இருக்கிறது. கடைசி வரி: "இறங்கியதும் என் எதிரில் வந்து நின்று கையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன். எந்தப் பொத்தான் என்று கண்டுபிடிக்க நேரமாயிற்று."

இருபத்தெட்டு ஆண்டுகளாக நாட்குறிப்பு எழுதுகிறேன். திண்டிவனத்தில் நில அளவர் வேலை. வயலில் எடுக்கும் அளவைப் பென்சிலால் எழுதி, இன்னொரு முறை சரிபார்த்த பிறகுதான் மையால் எழுத வேண்டும் என்பது வேலையில் சேர்ந்த முதல் வாரம் கற்றுக்கொண்டது. நாட்குறிப்பிலும் அதையே கடைப்பிடிக்கிறேன். நடந்தது மையில். நடக்கலாம் என்பது பென்சிலில்.

அவள் செவிலியர். திண்டிவனத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் பத்தொன்பது ஆண்டுகள் வேலை பார்த்தாள். நாங்கள் இருவரும் காலையில் ஒரே பாசஞ்சரில் போவோம், மாலையில் ஒரே பாசஞ்சரில் திரும்புவோம். நாற்பத்தாறாவது வயதில் அவள் வெளிநாட்டு வேலைக்கான தேர்வை எழுதி முதல் தடவையே தேறினாள். பயிற்சிக் காலத்திலிருந்தே அவளுக்கு இருந்த ஆசை அது. மகள் கோயம்புத்தூர் கல்லூரி விடுதிக்குப் போனதும், இனி தடையில்லை என்று இரண்டு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினாள். நான்தான் பெட்டியை எடைபோட்டு, எண்ணூறு கிராம் இடம் பாக்கி இருந்ததால் வறுத்த வேர்க்கடலை வைத்தேன், எங்கள் பக்கத்தில் மல்லாட்டை.

போன முதல் மாதம் தினமும் போனில் பேசினோம். பேச்சு ஐந்து நிமிடம் நன்றாக இருக்கும். பிறகு காஸ் சிலிண்டர் வந்துவிடும், மொட்டைமாடித் தொட்டி வந்துவிடும், அவளுடைய அம்மாவுக்குச் சர்க்கரை எவ்வளவு என்பது வந்துவிடும். ஒருநாள் மூன்று பேருமாகப் பேசிக்கொண்டிருந்தபோது மகள் சொன்னாள்:

"நீங்க ரெண்டு பேரும் பேசறது ஆபீஸ் மீட்டிங் மாதிரி இருக்குப்பா. ஒரு கேம் போட்டுத் தரேன். அதுல போய் சும்மா நடங்க."

"இந்த வயசுல கேமா? சுட்டுத் தள்ற வேலையெல்லாம் என்னால ஆவாதுடி" என்றாள் என் மனைவி.

"சுட வேணாம்மா. ஒண்ணுமே பண்ண வேணாம். கிரகம் கிரகமா போவலாம். எத்தன கோடி கிரகம்னு செஞ்சவனுக்கே தெரியாது. எல்லாம் ஒரு கணக்கு வெச்சு அதுவே உண்டாக்கிக்கும்."

அந்த விளையாட்டின் பெயரை நான் எழுதப்போவதில்லை. விண்கலம் ஒன்று கொடுப்பார்கள். பறந்து போய் ஒரு கிரகத்தில் இறங்கலாம். பாறையைக் கரைத்து எரிபொருள் எடுக்கலாம். அங்குள்ள செடியையும் விலங்கையும் கருவியால் பார்த்துப் பதியலாம். எரிபொருள் நிரப்பிக்கொண்டு அடுத்த கிரகத்துக்குப் பறக்கலாம். இவ்வளவுதான். முடிவு என்று ஒன்று இல்லை. முதலில் கால் வைத்தவர் கிரகத்துக்குப் பெயர் வைக்கலாம், அவர் பெயரும் கண்டுபிடித்தவர் என்று அதன் கீழே நிற்கும்.

நான் சர்வே எண் வைத்தேன். முதல் கிரகம் 1. பன்னிரண்டாவது கிரகத்துக்கு மூன்று நிலாக்கள் இருந்தன. அவற்றுக்கு 12/1, 12/2, 12/3 என்று வைத்தேன்.

"நிலாவ கூட உட்பிரிவு பண்ணிட்டீங்களா?" என்று காதுக்குள் அவள் சிரித்த சத்தம் கேட்டது. "பட்டா மாத்த யாராவது மனு போட்டாங்களா?"

அவள் வைத்த பெயர்கள் வேறு மாதிரி. மாவுக்கல். ஈரத்துணி. பெரிய டாக்டரு. ஒரு கிரகத்தில் செடியைப் பிடுங்கினால் வேரில் கொத்துக்கொத்தாக உருண்டைகள் வந்தன. "தோ பாருங்க, மல்லாட்ட" என்று அந்த மதியம் முழுக்கப் பிடுங்கிக்கொண்டே இருந்தாள். அதனால் எந்தப் பயனும் இல்லை என்று சொன்னேன். "தெரியும், சும்மா இருங்க" என்றாள். அன்று இரண்டு மணி நேரம் ஐம்பது நிமிடம். சிலிண்டர் பேச்சு வரவே இல்லை.

இப்படி எழுபத்தெட்டு சனிக்கிழமைகள்.

நாற்பதாவது கிரகத்துக்குப் பிறகு அவளுக்குச் சலிப்புத் தட்டிவிட்டது என்பது எனக்குத் தெரியும். அவள் சொன்னதை அந்தந்தத் தேதியில் எழுதியிருக்கிறேன். "இதே காளான நாம மூணு எடத்துல பாத்துட்டோம்." "இந்த மிருகம் அந்த மிருகமேதாங்க, தலைய மட்டும் மாத்தி வெச்சிருக்கான்." ஒருமுறை, "பொங்கலுக்கு ரேஷன்ல குடுக்கற பொடவ மாதிரி இருக்குது. கலர மட்டும் மாத்தி மாத்திக் குடுக்கறான்." அவள் சொன்னது சரிதானா என்று நாட்குறிப்பைப் பின்னோக்கிப் புரட்டி எண்ணிப் பார்த்தேன். அதுவரை நாங்கள் பார்த்த விலங்குகளில் கால் ஏழு வகை, தலை பதினொரு வகை. மற்றதெல்லாம் அவற்றை மாற்றி மாற்றிப் பூட்டியது.

அப்போதுதான் ஆடியவர்களின் கருத்துகளைப் படிக்க ஆரம்பித்தேன். விளையாட்டை விற்கும் இணையப் பக்கத்தில், கீழே, முடிவில்லாமல் போய்க்கொண்டிருக்கும் பட்டியல் அது. ஒவ்வொரு கருத்துக்கும் மேலே ஒரு கட்டைவிரல். மேல்நோக்கி இருந்தால் பரிந்துரைக்கிறார், கீழ்நோக்கி இருந்தால் பரிந்துரைக்கவில்லை. பக்கத்தில் அவர் எத்தனை மணி நேரம் ஆடினார் என்ற எண். காலைப் பாசஞ்சரில் விழுப்புரத்தில் ஏறி உட்கார்ந்தால் முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் தாண்டி திண்டிவனம் வரும்வரை அதைத்தான் படிப்பேன். பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. பை வைக்கப் பயன்பட்டது.

படித்தவற்றை வகை பிரித்தேன். இரண்டு மூன்று மணி நேரத்தில் விட்டுப் போனவர்கள் முதல் வகை. எல்லாம் ஒன்றுதான் என்று ஒரே வரி எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். இரண்டாம் வகை, நூற்றுக்கணக்கான மணி நேரம் ஆடிவிட்டுக் கட்டைவிரலைக் கீழே காட்டுபவர்கள். இவர்கள்தான் மிக நீளமாக எழுதுபவர்கள். ஏமாற்றிவிட்டான், அதே கல், அதே குகை, அதே பண்டம் என்று பக்கம் பக்கமாக. இத்தனை நேரம் ஏன் ஆடினீர்கள் என்று கீழே யாராவது கேட்டிருப்பார்கள். பதில் இருக்காது. மூன்றாம் வகை, ஒன்றும் நடக்காததுதான் இதன் அருமை என்பவர்கள். வேலை முடிந்து வந்து அரைமணி நேரம் ஒரு மலைமேல் நின்றுவிட்டுத் தூங்கப் போவார்களாம்.

எந்த வகையிலும் சேராத ஒன்றை "பிற" என்று குறித்து வைத்தேன். ஒருவர் தன் அண்ணனோடு ஆடிவந்திருக்கிறார். அண்ணன் இப்போது இல்லை. ஆனால் இருவருமாகக் கட்டிய இடத்தில் அவர் கட்டிய பாதி வீடு அப்படியே நிற்கிறதாம். இவர் வேறு எங்கும் பறப்பதில்லை, அங்கே போய் நின்றுவிட்டு வருகிறார். கட்டைவிரல் மேலே. அதைப் படித்த அன்று நான் மயிலத்தைக் கவனிக்கத் தவறினேன்.

மயிலத்தைக் கவனிப்பது எங்கள் பழக்கம். மயிலம் தாண்டிச் சிறிது தூரத்தில், இடப்பக்கம், செம்மண் மேட்டில் ஒரு பாறைக் குவியல் வரும். இரண்டு பெரிய பாறைகள் ஒன்றின்மேல் ஒன்று, அதற்கும் மேலே சின்னதாக ஒன்று. விழாமல் எப்படி நிற்கிறது என்று தெரியாது. என் மனைவி அதற்குத் தலைச்சுமைக்காரி என்று பெயர் வைத்திருந்தாள். "ஒரு நாளு மயிலத்துலயே எறங்கி நடந்து போயி கிட்ட பாக்கணுங்க" என்று கல்யாணம் ஆன வருடத்திலிருந்து சொல்லிவந்தாள். பார்ப்போம் என்பேன். காலையில் இறங்கினால் இருவருக்கும் வேலை கெட்டுவிடும், மாலையில் இறங்கினால் இருட்டிவிடும், விடுமுறை நாளில் வீட்டு வேலை இருக்கும். பத்தொன்பது ஆண்டுகள் ஒரு நாளைக்கு இரண்டு முறை பார்த்தோம். ஒருமுறைகூட இறங்கவில்லை. அவள் போன பிறகு நான் மட்டும் இறங்கிப் பார்த்திருக்கலாம். தோன்றவில்லை என்று எழுத மாட்டேன். தோன்றியது, செய்யவில்லை.

எழுபத்தெட்டாவது சனிக்கிழமை. ஆரஞ்சு நிறக் கிரகம், எண் 154. எரிபொருளுக்காக இருவரும் பாறையைக் கரைத்துக்கொண்டிருந்தோம்.

"நர்ஸிங் சூப்ரண்டு கூப்டு பேசனாங்க. இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்றாங்க. சார்ஜ் நர்ஸா ஆக்கறாங்களாம்" என்றாள்.

"நல்லதுதானே."

"மூணு மாசம் முன்னாடியே சொல்லிடணுமாம். ஃபாரம் குடுத்திருக்காங்க. பதினோரு வாரம் டைம் இருக்குது."

"சரி."

"நீங்க இன்னா சொல்றீங்க?"

நான் பாறையைக் கரைத்து முடித்தேன்.

"உன் இஷ்டம்தாம்மா" என்றேன்.

அந்தப் பதில் எங்கிருந்து வந்தது என்பதை இப்போது என்னால் சொல்ல முடியும். என் வேலையில் ஒரு விதி உண்டு. எல்லைக் கல் எங்கே இருக்க வேண்டும் என்று நான் சொல்லலாம். நிலம் யாருடையது என்று சொல்லக்கூடாது. ஒலக்கூர்ப் பக்கம் ஒரு வரப்புத் தகராறுக்குப் போயிருந்தபோது, அளந்து முடித்ததும் அந்த வீட்டு அம்மா ஓடிவந்து கேட்டார்கள்: "சார், எங்களுதுதான்னு ஒரே ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க சார். தூங்கி எத்தினி நாளாவுது தெரியுமா?" அளவுப்படி அது அவர்களுடையதுதான். "அளவு பேப்பர்ல வரும்மா, ஆபீஸ்ல வந்து வாங்கிக்கோங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். அளவுச் சங்கிலியின் மறுமுனையைப் பிடித்திருந்த உதவியாளர், என்னைவிட நான்கு வயது மூத்தவர், வண்டியில் உட்கார்ந்ததும் சொன்னார்: "வாயத் தொறந்து சொன்னா இன்னா சார் கொறஞ்சிடப் போவுது? அந்தம்மா மொகத்தப் பாத்தீங்களா?" விதி என்றேன். "விதிதான்" என்றார் அவர், வேறு குரலில்.

அவள் ஆசைப்பட்டுப் போன இடம். அங்கே அவளை மதிக்கிறார்கள். வா என்று சொல்ல எனக்கு என்ன உரிமை என்று நினைத்தேன். அவள் கேட்டது உரிமையை அல்ல என்பது அந்த நேரத்தில் மண்டையில் ஏறவில்லை.

அவள் பாறையைக் கரைப்பதை நிறுத்தினாள். பிறகு, "எல்லாம் ஒண்ணாதாங்க இருக்குது. எனக்கு இது போதும்" என்றாள். "நம்ம ஊரு மாதிரி ஒரு கிரகம் எங்கனா இருந்தா சொல்லுங்க, வரேன். அதுவரைக்கும் சனிக்கெழம தூங்கிக்கறேன். நைட் டூட்டி பாத்துட்டு வந்து கண்ணெரிச்சலா இருக்குது."

அவளுடைய கப்பல் மேலே ஏறி மறைந்தது. என் கப்பல் மட்டும் நின்றது.

மறுநாளிலிருந்து தேட ஆரம்பித்தேன். மாலைப் பாசஞ்சரில் வந்து, சோறு வடித்து, ஏழு மணிக்கு உட்கார்ந்தால் ஒன்பது மணிக்கு எழுந்துவிடுவேன். செம்மண் இருக்க வேண்டும், மரம் உயரமாக, உச்சியில் மட்டும் தழையோடு இருக்க வேண்டும், வறண்ட ஏரி ஒன்று இருந்தால் நல்லது என்று தேவைகளை எழுதி வைத்துக்கொண்டேன். 155 பனி. 156 நஞ்சு மழை. 157 வெறும் கடல். 161-இல் செம்மண் இருந்தது, ஆனால் தரையிலிருந்து தூண் தூணாக ஏதோ முளைத்திருந்தது. பட்டியலில் அடித்துவிட்டேன். போனில் அவளோடு பேச்சு வழக்கம்போல நடந்தது. சிலிண்டர் பதிவு செய்தாயிற்றா, செய்தாயிற்று. ஃபாரத்தைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

உதவியாளருக்கு விஷயம் தெரியும். வயலுக்குப் போகும் வழியில் கேட்பார்.

"இன்னிக்கி எந்த கிரகம் சார்?"

"நூத்தித் தொண்ணூத்தாறு."

"அங்க பட்டா யாரு பேர்ல இருக்குது?"

"யாரு பேர்லயும் இல்ல."

"அப்ப பொறம்போக்கு. ஜல்தியா நாலு கல்ல நட்டு வளைச்சிப் போடுங்க சார். ரிட்டைடு ஆனா நான் அங்க வந்து மல்லாட்ட போட்டுக்கறேன்." சிறிது தூரம் போனதும், "வூட்டுக்காரம்மா வராங்களா சார்?" என்பார். தெரியவில்லை என்பேன்.

231-ஐ ஒன்பதாவது வாரம் கண்டுபிடித்தேன். செம்மண். உச்சியில் தழை வைத்த மரங்கள், தூரத்திலிருந்து பார்த்தால் பனைதான். வெடித்துக் கிடந்த ஒரு பள்ளம், ஏரி என்றே கொள்ளலாம். ஆட்டின் அளவில் ஆறு கால் விலங்கு. வானம் மட்டும் இளம்பச்சை. அதை ஒன்றும் செய்ய முடியாது. ஏரியின் கரைமேல் ஏறித் திரும்பியபோது, மேட்டின்மேல், இரண்டு பெரிய பாறைகள் ஒன்றின்மேல் ஒன்று, அதற்கும் மேலே சின்னதாக ஒன்று.

கைகளை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டேன். சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தேன். அங்கேயே இருந்தது.

பதினொன்றாவது வாரச் சனிக்கிழமைக்கு வரும்படி அவளுக்கு எழுதினேன். ஃபாரத்துக்கு அதற்கடுத்த திங்கள் கடைசி நாள். இடைப்பட்ட நாட்களில் அந்த இடத்தை முழுதாக அளந்தேன். வேலையில் செய்வது போலவேதான். அடையாளக் கம்பங்கள் நட்டு, அவற்றுக்கு நடுவே நேர்கோடு ஒன்று பிடித்து, கோட்டில் இத்தனை அடி வந்ததும் இடப்பக்கம் இத்தனை அடியில் மரம், வலப்பக்கம் இத்தனை அடியில் ஏரிக்கரை என்று காலடியை எண்ணிக் குறித்தேன். அவளைக் கப்பலிலிருந்து எந்த வழியாக அழைத்துப் போனால் பாறை கடைசியில் தெரியும் என்று வழியும் போட்டேன். மூன்று பக்க வரைபடம். மையில்.

படம் ஒன்றுகூடப் பிடிக்கவில்லை. ஒரு பொத்தானை அழுத்தினால் திரை படமாகிவிடும். ஆனால் என் தொழிலில் புகைப்படத்தை யாரும் ஏற்பதில்லை. படத்தில் தூரமும் சரிவும் ஏமாற்றும், வரைபடம்தான் சாட்சி. அந்த நினைப்பு எனக்குள் அவ்வளவு ஊறியிருந்தது.

அந்த வாரம் வியாழக்கிழமை விளையாட்டைச் செய்தவர்கள் புதிய பதிப்பு ஒன்று வெளியிட்டார்கள். கருத்துப் பக்கத்தில் பலரும் மகிழ்ந்து எழுதியிருந்தார்கள்: ஒரே மாதிரி இருக்கிறது என்ற எங்கள் குறையைக் கேட்டுவிட்டார்கள், நிலங்களையெல்லாம் புதிதாக உண்டாக்கியிருக்கிறார்கள் என்று. வெள்ளிக்கிழமை குறைதீர்ப்பு மனுக்கள் குவிந்திருந்ததால் பாசஞ்சரிலும் அவற்றையே பார்த்துக்கொண்டு போனேன். அதைப் படிக்கவில்லை, விளையாட்டையும் திறக்கவில்லை.

சனிக்கிழமை மூன்று மணிக்கு அவள் வந்தாள். இருவரும் 231-இல் இறங்கினோம்.

தரை மஞ்சளாக இருந்தது. முழங்கால் உயரத்துக்குப் புல். மரம் இல்லை. ஏரி இருந்த இடம் மேடாகியிருந்தது. என் அடையாளக் கம்பங்களில் ஒன்று ஆகாயத்தில் தொங்கியது. இரண்டு மண்ணுக்குள் புதைந்து அவற்றின் விளக்கு மட்டும் தரைக்கு அடியிலிருந்து தெரிந்தது. இருபத்தெட்டு ஆண்டுகளாகக் கல் நகர்ந்த வழக்குகளைத்தான் பார்த்திருக்கிறேன். நிலம் இருக்கும், கல்லைப் பிடுங்கி நகர்த்தியிருப்பார்கள். கல் அப்படியே இருக்க நிலம் போய்விட்ட வழக்கு இதுதான் முதல்.

"இதுவாங்க?" என்றாள்.

"இல்ல. இதுதான். மாத்திட்டாங்க."

"இன்னாத்த மாத்திட்டாங்க?"

சொன்னேன். செம்மண் என்றேன், ஏரி என்றேன். தலைச்சுமைக்காரி என்றதும் அவள், "நெஜமாவா?" என்று கேட்டாள். படம் இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன்.

என்ன செய்வதென்று தெரியாமல் வரைபடத்தைப் பிரித்தேன். "தொங்குது பாரு ஒரு கம்பம், அதுக்கு நேர் கீழ வந்து நில்லு" என்றேன். வந்து நின்றாள். "அங்கருந்து புதைஞ்ச வெளக்கப் பாத்து நேரா அறுபது அடி நட. நான் எண்ணறேன்." நடந்தாள். "இப்ப உனக்கு இடது கைப்பக்கம் ஒரு மரம். பன மரம் மாதிரி. அதத் தாண்டு. வலது பக்கம் ஏரிக்கர, சரிவு, பாத்து." அவள் சரிவே இல்லாத புல்லில் வேகத்தைக் குறைத்தாள். "இன்னும் நாப்பது அடி. போதும், நில்லு. எதிர பாற."

"எம்மா ஒசரம்?"

"நம்ம வீட்டு மொட்டமாடிய விட ஒரு ஆள் ஒசரம் ஜாஸ்தி."

"மேல சின்னக் கல்லு இருக்குதா?"

"இருக்குது. கெழக்கப் பாத்து லேசா சாஞ்சிருக்கு. அந்தப் பக்கம் போகணும்னா சுத்திக்கினு வா, குறுக்க வராத."

அவள் சுற்றிக்கொண்டு வந்தாள். ஒன்றுமே இல்லாத புல்வெளியில், நான் வரைந்திருந்த வளைவின்மேல், பாறைக்கு இடம் விட்டு, ஒரு முழு வட்டம். வந்து என் பக்கத்தில் நின்றாள். இருவரும் பாறை இருந்த திசையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பச்சை வானம் மட்டும் மாறாமல் இருந்தது.

"நாளன்னிக்கி ஃபாரம் குடுக்கணும்" என்றாள்.

"தெரியும்."

அவள் காத்திருந்தாள். நான் வரைபடத்தை மடித்தேன். "டூட்டிக்கு நேரமாவுது" என்று கிளம்பிவிட்டாள்.

மகளிடம் மாலையில் சொன்னபோது, "ஒரே ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுக்கக்கூடாதாப்பா?" என்று கேட்டாள். பிறகு, "அம்மாகிட்ட வான்னு சொன்னீங்களா?" என்றாள். அவளே தீர்மானிக்கட்டும் என்றேன். "நீங்க சர்வேயராவே இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

ஞாயிறு காலை எட்டு மணிக்குக் கருத்துப் பக்கத்தைத் திறந்தேன். அவ்வளவு பேருடைய கருத்தைப் படித்தவன் நான் ஒன்று எழுதியதில்லை. தமிழில் எழுதினேன். நாட்குறிப்பில் படியெடுத்து வைத்திருப்பதால் அப்படியே தருகிறேன்:

"நானூற்றுப் பன்னிரண்டு மணி நேரம் ஆடியிருக்கிறேன். ஒரே மாதிரியாக இருக்கிறது என்று மற்றவர்கள் சொல்வது சரி. எண்ணிப் பார்த்துவிட்டேன். இதில் 154 கிரகங்களில் என் மனைவியோடு நடந்தேன். 77 கிரகங்களில் தனியாக நடந்தேன். முதல் 154-இல் நடந்த எந்த இரண்டு நாளும் ஒன்றுபோல இருந்ததாக என் குறிப்பில் இல்லை. அடுத்த 77-உம் ஒன்றேதான். ஆகவே பிழை விளையாட்டில் இல்லை. இருந்தாலும் பரிந்துரைக்கவில்லை. என் மனைவி வீட்டுக்கு வர வேண்டும் என்பதே என் கருத்து. அவள் கேட்டபோது சொல்லவில்லை."

கட்டைவிரலைக் கீழ்நோக்கி அமுக்கிப் பதிந்தேன். போனில் சொல்லியிருக்கலாம். எண் இருக்கும் இடத்தில்தான் எனக்கு வார்த்தை வருகிறது.

விளையாட்டில் நண்பராகச் சேர்த்தவர் கருத்து எழுதினால் மற்றவருக்குத் தகவல் போகும் என்பது எனக்குத் தெரியும். அதைத் தெரியாதது போல எழுதக்கூடாது.

பதினொன்றே காலுக்குப் போன் வந்தது. ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாங்க எழுதி வெச்சிருக்கீங்க?"

"எது?"

"நானூத்திப் பன்னெண்டு மணி நேரம் ஆடிட்டு நல்லா இல்லன்னு கட்டவெரலக் கீழ காட்டிக்கினு இருக்கீங்களே, அது."

அடுப்பை அணைத்தேன்.

"நான் கேட்டா உன் இஷ்டம். ஒலகத்துக்கு மட்டும் சொல்லுவீங்களா?"

"அந்தப் பக்கத்துல யாருக்கும் தமிழ் தெரியாதும்மா."

"மூணு பேரு பயனுள்ளதுன்னு அமுக்கி இருக்காங்க. அதுல ஒருத்தி எங்க ரூம்ல இருக்கற தஞ்சாவூர்க்காரி. இங்கதான் குந்திக்கினு சிரிச்சிக்கினு இருக்கறா." பின்னால் ஒரு குரல், "அண்ணே, நல்லா எழுதியிருக்கீங்க" என்றது. கதவு திறந்து மூடும் சத்தம். அறை மாறியிருக்க வேண்டும். அவள் குரல் தணிந்தது.

"இப்ப வாயால சொல்லுங்க."

"வந்துடும்மா" என்றேன்.

மூக்கை உறிஞ்சினாள் என்று நினைக்கிறேன். உறுதியாகத் தெரியாததால் அன்றைய குறிப்பில் அதைப் பென்சிலில் எழுதியிருக்கிறேன்.

"எனக்கு இங்க புடிச்சிதான் இருக்குது. அதையும் எழுதி வெச்சிக்கோங்க. வந்துட்டு ஒரு நாளு, அங்கயே இருந்திருந்தா சார்ஜ் நர்ஸா ஆயிருப்பேன்னு நான் சொல்லுவேன். அப்ப மூஞ்சத் தூக்கக்கூடாது."

"சரி."

"எழுதிட்டீங்களா?"

"எழுதறேன்."

"ஃபாரத்துல வேணான்னு போட்டு நாளைக்குக் குடுத்துடறேன். இன்னும் மூணு மாசம் இருந்தாவணும்." பிறகு கேட்டாள்: "ஏங்க, மயிலத்துப் பாற அங்கயேதான இருக்குது? அத எவனும் அப்டேட் பண்ணிடலியே?"

வெள்ளிக்கிழமை மாலை பார்த்தேன், இருந்தது என்றேன்.

"அந்த கட்டவெரல மேல மாத்துங்க. செஞ்சவன் பாவம்."

"வந்த பிறகு மாத்தறேன்."

திங்கள் மாலை அவள் அனுப்பிய செய்தியில் ஒரே சொல்: குடுத்துட்டேன். மையில் எழுதிக்கொண்டேன்.

மூன்று மாதம் என்பது பதின்மூன்று சனிக்கிழமைகள். இதை எழுதும்போது ஒன்பது பாக்கி. சனிக்கிழமை மூன்று மணிக்கு இருவரும் இறங்குகிறோம். புதிய கிரகம் எதற்கும் போவதில்லை. 231-இன் மஞ்சள் புல்லில், தொங்கும் கம்பத்துக்குக் கீழே கப்பல்களை நிறுத்திவிட்டுச் சும்மா நடக்கிறோம். பாறை இருந்த இடம் வந்தால் அவள் சுற்றிக்கொண்டுதான் போகிறாள்.

காலைப் பாசஞ்சரில் மயிலம் தாண்டியதும் இடப்பக்கம் பார்க்கிறேன். முன்பெல்லாம் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்புவேன். இப்போது தண்டவாளத்திலிருந்து மேட்டுக்கு எத்தனை அடி இருக்கும், எந்த வரப்பு வழியாகப் போனால் அவள் முழங்காலுக்குச் சிரமம் இருக்காது என்று கண்ணால் அளக்கிறேன். சரியாகப் பார்ப்பதற்குள் வண்டி கடந்துவிடுகிறது. மறுநாள் விட்ட இடத்திலிருந்து அளக்கிறேன்.

அவள் வந்த மறுநாளுக்கு இருவரும் மயிலத்தில் இறங்குவதாக நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன். அன்று மாலை கட்டைவிரலை மாற்றுவதாகவும் எழுதியிருக்கிறேன். இரண்டும் பென்சிலில்.